விமான வாசலில் ஒரு பிள்ளைக்காரி

நிரோஷன்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு, அடுப்பில் சோறு இருக்கிறது என்று வைத்துவிட்டேன். அடுப்பில் எதுவும் இருக்கவில்லை. டிசம்பரில் மெல்பர்னிலிருந்து பிள்ளையோடு வரும்போது, சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களை முதலில் விமானத்தில் ஏற்றுவார்களாமே, அப்படிக் கூப்பிட்டவுடன் போய் ஏறுவதா, இல்லை கடைசிவரை வெளியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உலாவிவிட்டு ஏறுவதா என்று கேட்டாய். எட்டு மாதப் பிள்ளையின் அப்பன் கேட்க வேண்டிய கேள்விதான். நான், "உங்க இஷ்டம்பா, ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன். பக்கத்தில் மருமகள் ஷாலினி ஏதோ சொன்னது காதில் விழுந்தது. நீ சிரித்துக்கொண்டே, "பயப்படாதீங்கம்மா, நாங்க நெசமாவே பிள்ளையக் கையிலதான் கொண்டாறோம், காம்பராவுல விட்டுட்டு வரல" என்றாய். அந்த இடத்தில்தான் எனக்கு அடுப்புச் சோற்றின் நினைவு வந்தது.

உன் மேல் தவறில்லை. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி உன்னைச் சிரிக்கப் பழக்கியவள் நான். நீ பள்ளிக்கூடத்தில் கொப்பியை மறந்துவிட்டு வந்தால் உன் அப்பா, "கொப்பி எங்கடா? காம்பராவுல இருக்கா?" என்று கேட்பார். விருந்தாளிகள் வந்தால் அவரே, "அந்த பிளேன் கதையச் சொல்லு" என்று என்னைத் தூண்டிவிடுவார். நான் அதிகம் பேசாதவள் என்று பெயர் எடுத்தவள். ஆனாலும் அந்தக் கதையை மட்டும் நிறுத்தி நிதானமாக, சிரிப்பு வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வரும்படி சொல்லத் தெரிந்து வைத்திருந்தேன். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி வீட்டுவேலைக்காகக் குவைத்துக்குப் போகிறாள். சிறு பிள்ளைகள் உள்ளவர்கள் முதலில் வரலாம் என்று அறிவிக்கிறார்கள். அவள் எழுந்து போய் முன்னால் நிற்கிறாள். பிள்ளை எங்கே என்று கேட்கிறார்கள். "காம்பராவுல இருக்குங்க" என்கிறாள். அவ்வளவுதான் கதை. ஷாலினிக்கும் நீ சொல்லியிருப்பாய். அவள் கொழும்பில் வளர்ந்தவள், அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று உன்னைக் கேட்டிருக்கவும் கூடும். கேட்டிருந்தால் அவள் நம் மூவரையும்விடக் கெட்டிக்காரி.

காம்பரா என்றால் தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா. தாய்மார் மலையில் கொழுந்து எடுக்கும்போது கைக்குழந்தைகளை விட்டுவைக்கும் இடம். நீ அதைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்க விடாமல் வளர்த்தேன். நான் அதற்குள் இரண்டு வருடம் தூளியில் கிடந்தவள். என் அம்மா மலையில் இருப்பாள், நான் காம்பராவில் ஆயம்மாவிடம் இருப்பேன். ஒரு நேரம் வந்ததும் கங்காணி மேலே பாதையில் நின்று, "புள்ளைக்காரிங்க எல்லாம் எறங்குங்க" என்று சத்தம் கொடுப்பார். பால் குடிக்கும் பிள்ளை உள்ளவர்களை மற்றவர்களுக்கு முன்னால் விட்டுவிடுவார்கள். அவர்களுடைய கொழுந்தைத்தான் முதலில் நிறுப்பார்கள். கூடையை இறக்கிவிட்டு அவர்கள் காம்பராவை நோக்கி ஓடுவார்கள். இதைப் பெரிய கருணை என்று நான் நினைக்கவில்லை. பால் கட்டினால் காய்ச்சல் வரும், காய்ச்சல் வந்தால் மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு ஆள் குறையும். அது எப்படியோ இருக்கட்டும். எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த முறை இதுதான்: பிள்ளைக்காரி முதலில். பிள்ளை அவள் இடுப்பில் இருக்கிறதா என்று எந்தக் கங்காணியும் பார்த்ததில்லை. பிள்ளை பக்கத்தில் இல்லாததால்தான் அவளை முதலில் விட்டார்கள்.

இது எனக்குத் தெரியும். அன்று அந்த விமான நிலையத்தில் இதைத் தெரிந்தவர்கள் வேறு யாராவது இருந்திருக்கலாம். ஆனால் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இதை எடுத்துச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். கதையில் இதை நான் ஒருபோதும் சொன்னதில்லை.

உனக்கு அப்போது நான்கு வயது. உன் அப்பா குவைத்தில் ஒரு கம்பனியின் களஞ்சியத்தில் எழுத்தராக இருந்தார். நாம் இருவரும் அவரிடம் போகிறோம். அந்த விமானத்தில் பெரும்பாலும் பெண்கள். ஒரே நிறத்தில் ஏஜென்சிப் பை, கழுத்தில் மாட்டிய அட்டை, புதுச் செருப்பு. நான் அவர்களிடமிருந்து தள்ளித்தான் உட்கார்ந்தேன். பட்டம் வாங்கி ஆறு வருடம் ஆகியிருந்தது. யாராவது என்னைப் பார்த்தால் உத்தியோகம் பார்க்கும் ஒருவரின் மனைவி என்று நினைக்க வேண்டும், இவர்களில் ஒருத்தி என்று நினைத்துவிடக் கூடாது. என் மனதில் இருந்த பெரிய கவலை அதுதான். நீ ஓடிக்கொண்டே இருந்தாய். எதிர் வரிசையில் இருந்த ஒரு பெண் உன்னைப் பிடித்து நிறுத்தி, "எங்கடா ஓடுற மொட்டப் பயலே, பிளேனு ஒன்னய விட்டுட்டுப் போயிரும்" என்றாள். திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டு உனக்கு அப்போதுதான் மொட்டை போட்டிருந்தோம். நீ அவளோடு ஒட்டிக்கொண்டாய். அவள் தன் பையிலிருந்து ரொட்டியை எடுத்து உனக்குப் பிய்த்துக் கொடுத்தாள். தன்னை அத்தை என்று கூப்பிடச் சொன்னாள்.

அவள் பெயர் தெய்வானை. பிறகு என் பக்கத்து இருக்கைக்கே வந்துவிட்டாள். "அக்கா எந்தத் தோட்டங்க?" என்று கேட்டாள். "பதுளை டவுன்" என்றேன். "பேச்சக் கேட்டா நம்ம பக்கம் மாதிரி இருக்குங்களே" என்றாள். நான் கைப்பையில் எதையோ தேடினேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விமானத்தில் கொடுக்கும் போரத்தை எழுதித் தருவீர்களா, கூடவே இருப்பீர்களா என்று கேட்டாள். சரி என்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்தி, "அக்கா, நெஞ்சு கல்லு மாதிரி கனக்குதுங்க. முந்தாநாளு விடியக்காலம் புள்ளைக்குப் பாலு குடுத்தது. ஏழு மாசந்தான் ஆகுது" என்றாள். நீ அவள் மடியில் தூங்கிவிட்டாய். அவள் உன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் புத்தகம் படிப்பதுபோல் வைத்திருந்தேன். வரிகள் ஒன்றும் மனதில் ஏறவில்லை.

அறிவிப்பு வந்தது. நான் இரண்டு பைகளையும் எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் பிள்ளையத் தூக்கிட்டு வர்றீங்களா?" என்று அவளிடம் கேட்டேன். கதையில் அவள் தானாக எழுந்து முன்னால் போகிறாள். உண்மையில் நான் கூப்பிட்டுத்தான் வந்தாள். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்குப் பின்னால் நடந்து வந்தவள், "நல்லதாப் போச்சுங்க அக்கா. நானும் புள்ளைக்காரிதானே, ரெண்டு பேரையும் சேத்தே விட்டுருவாங்க" என்று சந்தோஷமாகச் சொன்னாள். அந்த முறை இங்கே இல்லை என்று நான் அப்போதே சொல்லியிருக்கலாம். டிக்கட் பார்க்கும் மேசைவரை அவள் உன்னைத் தூக்கி வரட்டும், அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. அதனால் பேசாமல் நடந்தேன்.

மேசையில் இருந்த இளைஞன் என் டிக்கட்டைப் பார்த்தான், அவளுடையதைப் பார்த்தான். "மேடம், இவங்க உங்களோட வர்றவங்களா?" என்று சிங்களத்தில் கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். ஆம் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பான். தோளில் என் பிள்ளை தூங்குகிறது, வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? நான் ஆங்கிலத்தில், "இல்லை, எனக்கு இவரைத் தெரியாது" என்றேன். ஆங்கிலத்தில் சொன்னது அவளுக்கு விளங்கக் கூடாது என்பதற்காக. ஆனால் தலையையும் ஆட்டினேன். தலையாட்டியதை எந்த மொழிக்காரரும் விளங்கிக்கொள்வார்கள். பிறகு அவளிடமிருந்து உன்னை வாங்கினேன். நீ பாதித் தூக்கத்தில் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு வர மறுத்தாய். உன் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். உன் சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. அவளுடைய பால். நான் கைக்குட்டையை எடுத்து, அவள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, அதைத் துடைத்தேன்.

அவன் அவளிடம் பிள்ளை எங்கே என்று கேட்டான். அவள் என்னைப் பார்த்தாள். நான் உன் சட்டையையே துடைத்துக்கொண்டிருந்தேன். "புள்ள காம்பராவுல இருக்குங்க" என்று அவள் தமிழில் சொன்னாள். அவனுக்கு விளங்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற குடும்பத்துக்கும் விளங்கவில்லை. அவன் உதவிக்கு என்னைப் பார்த்தான். பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு இங்கே பிள்ளைக்காரர்களின் வரிசையில் நிற்கிறாள் என்று நான் மொழிபெயர்த்தேன். அதோடு ஒரு சின்னச் சிரிப்பையும் சேர்த்தேன். அவன் சிரித்தான். பின்னால் இருந்தவர் சிரித்து, தன் மனைவிக்குத் திருப்பிச் சொன்னார், அந்த அம்மாளும் சிரித்தார். நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அங்கே யாருக்கும் சிரிக்கக் காரணம் கிடைத்திருக்காது. பல்கலைக்கழகத்தில் மூன்று மொழியும் கற்று நான் முதன்முதலாகச் செய்த மொழிபெயர்ப்பு அதுவாகத்தான் இருக்கும். தெய்வானையும் கொஞ்சம் சிரித்தாள், எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமல் இருக்கத் தெரியாதவர்கள் சிரிப்பது போல. பிறகு முந்தானையை இழுத்து மார்பை மூடிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய்விட்டாள்.

நாம் முதலில் ஏறினோம். முதலில் ஏறியவர்களுக்கு ஒரு தண்டனை உண்டு: பின்னால் வரும் எல்லோரும் அவர்களைக் கடந்துதான் போக வேண்டும். அந்தப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அத்தனை பேரில் பிள்ளை இல்லாதவர்கள் மிகச் சிலரே இருந்திருப்பார்கள். ஆனால் அந்த மேசையின் கணக்கில் நானும் இன்னும் இரண்டு மூன்று குடும்பங்களும் மட்டுமே பிள்ளை உள்ளவர்கள். அவள் வரும்போது நீ "அத்தே" என்று கத்தினாய். அவள் உன் தலையை ஒரு தடவை தொட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் போய்விட்டாள். போரம் எழுத என்னிடம் வரவில்லை. நானும் எழுந்து தேடிப் போகவில்லை. குவைத்தில் இறங்கியதும் அவர்களைத் தனியாக ஒரு மண்டபத்துக்குள் அனுப்பினார்கள். நீ அங்கே கையைக் காட்டினாய். உன் அப்பா காத்திருப்பார் என்று இழுத்துக்கொண்டு வந்தேன். அன்று மாலையே அவருக்கு இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். வேடிக்கையாகச் சொன்ன பிறகு அது எனக்கும் வேடிக்கையாகவே ஆகிவிட்டது. இருபத்தொரு வருடம் அப்படியே வைத்திருந்தேன்.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், மூன்று வாரத்துக்கு முன்னால் எங்கள் பாடசாலைக்கு ஆசிரிய உதவியாளராக ஒரு பெண் வந்திருக்கிறாள். கௌசல்யா என்று பெயர். மடுல்சீமையிலிருந்து வருகிறாள். பிரதி அதிபர் என்பதால் அவளைப் பழக்கும் பொறுப்பு என்னுடையது. நல்ல பெண், குரல் மட்டும் வெளியே வராது. போன வாரம் அவளுடைய அம்மா அவளைப் பார்க்க வந்தாள். ஆசிரியர் அறை வாசலில் நின்ற அம்மாளைக் கண்டவுடன் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "என்னயத் தெரியுதுங்களா டீச்சர்?" என்றாள். "தெரியலையே" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை, அதுவாகவே வாயில் வந்துவிட்டது. "குவைத்து பிளேனுல... ஒங்க மகன்கூட மொட்டத் தலையா..." என்று அவள் எடுத்துக்கொடுத்த பிறகுதான், ஓ, நீங்களா என்றேன்.

உள்ளே ஏழெட்டு ஆசிரியர்கள் இருந்தார்கள். தெய்வானை அவர்கள் பக்கம் திரும்பி, "இந்த டீச்சர்தாங்க அன்னைக்கு எனக்குத் தொணை. மொதப் பயணம், நான் தெகச்சுப் போயி நிக்கிறேன். இவங்கதான் கூடவே வச்சுக்கிட்டு, பக்கத்துல ஒக்கார வச்சு, பெல்ட்டு போட்டு விட்டு, போரம் எழுதிக் குடுத்து..." என்று சொன்னாள். புவனேஸ்வரி டீச்சர், அவளுக்கு என்னைக் கிண்டல் செய்யச் சந்தர்ப்பம் கிடைத்தால் போதும், "அட, நம்ம மேடத்துக்குள்ள இப்படி ஒரு ஆள் ஒளிஞ்சிருக்கிறது இவ்வளவு நாளாத் தெரியாமப் போச்சே. எங்களுக்கு ஒரு லீவுப் போரம்கூட கையெழுத்துப் போட்டுத் தர மாட்டாங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்று அடக்கமாகச் சொன்னேன். அடக்கம் என்று அவர்கள் நினைத்தார்கள். கௌசல்யா என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எப்படி எழுதுவது? அன்று காம்பராவில் இருந்த ஏழு மாதப் பிள்ளை அவள்தான். தெய்வானை நான்கு வருடம் அங்கே இருந்துவிட்டு வந்தாளாம். "வந்து தூக்கப் போனா, ஆன்ட்டி வேணாம்னு அவுங்க அத்தைக்குப் பின்னால போயி ஒளியுது" என்று மகளின் முதுகில் தட்டிக்கொண்டே சொன்னாள். அதை அவளும் ஒரு வேடிக்கையாகத்தான் வைத்திருக்கிறாள்.

தெய்வானை பஸ்ஸுக்குப் போகும்போது நானும் வாசல்வரை போனேன். "பிள்ளையப் பாத்துக்கங்க டீச்சர். அதுக்குக் கூச்சம் ஜாஸ்தி. நாலு பேரு முன்னால யாராச்சும் சிரிச்சுட்டா ஒடஞ்சு போயிரும்" என்றாள். சொல்லும்போது என் கண்ணை நேராகப் பார்த்தாள். அவளுக்கு வேறு யாரோ பெல்ட் போட்டுவிட்டு, இத்தனை வருடத்தில் அந்த முகம் என் முகமாக மாறியிருக்கலாம். அல்லது எல்லாம் அப்படியே நினைவிருந்து, மகள் என் கையில் இருக்கிறாள் என்பதற்காக, என்னை நல்லவளாக்கி, அதை அத்தனை பேர் முன்னால் ஏற்றுக்கொள்ள வைத்திருக்கலாம். எது என்று எனக்குத் தெரியவில்லை. மனிதர்கள் சொல்வதை எளிதில் நம்பாதவள் என்று நீயே என்னைக் கேலி செய்வாய். இந்த ஒன்றில் இரண்டு பக்கத்தையும் என்னால் நம்ப முடியவில்லை. மறந்திருந்தால், நான் செய்யாத உதவிக்கு நன்றி வாங்கிக்கொண்டவள். மறக்காமல் இருந்தால், ஒரு தாய் தன் மகளுக்காக என்னிடம் பொய் சொல்ல வேண்டிய அளவுக்குப் பயம் காட்டுகிறவள் நான். இரண்டில் எதையும் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வகுப்பறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து குறிப்பெடுக்க எனக்கு முடியவில்லை. மூன்று நாளாக அவளுடைய பாட நேரத்தில் வேறு வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் தன்னில்தான் ஏதோ குறை என்று நினைக்கத் தொடங்கிவிட்டாள், நேற்று முகத்தில் தெரிந்தது.

உன் கேள்விக்கு இப்போது ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். ஷாலினி பைகளோடு முதலில் ஏறட்டும், மேலே வைக்க வேண்டியதை வைத்து இடத்தைச் சரிப்படுத்தட்டும். நீ பிள்ளையை வைத்துக்கொண்டு கூட்டம் குறைந்த பிறகு போ. பிள்ளை அடைபட்டிருக்கும் நேரம் குறையும். கூப்பிட்டவுடன் இருவரும் போனாலும் குற்றமில்லை. அந்தச் சலுகை மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் விமானம் கிளம்ப வேண்டும் என்பதற்காகவும்தான், அதற்காக யாருக்கும் நீ கூச்சப்பட வேண்டியதில்லை. வரும் வழியில் வளைகுடாவில் விமானம் மாறுவாய். அங்கேயிருந்து கொழும்புக்கு வரும் விமானத்தில் இன்றைக்கும் அந்தப் பெண்கள் இருப்பார்கள். யாராவது உன் பிள்ளையைத் தூக்கக் கேட்டால் கொடு. யாராவது உன்னோடு வந்து மேசையில் நின்றால், உங்களோடு வருகிறவரா என்று மேசைக்காரர் உன்னைக் கேட்டால், ஆமாம் என்று சொல். சட்டப்படி அது பொய்யாக இருக்கலாம். என் மகன் சொல்லலாம் என்று நான் அனுமதிக்கும் ஒரே பொய் அது.

இந்த ஞாயிற்றுக்கிழமை நான் மடுல்சீமைக்குப் போகிறேன். உன் அப்பாவிடம் இன்று காலையில்தான் முழுவதையும் சொன்னேன். அவர் இந்த முறை சிரிக்கவில்லை. பிறகு, "வேன் பிடிக்கட்டுமா?" என்றார். வேண்டாம், பஸ்ஸில் போகிறேன் என்றேன். பிரதி அதிபர் வேனில் வந்து தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் இறங்கினால் தெய்வானை மறுபடியும் எனக்கு நன்றி சொல்லத் தொடங்கிவிடுவாள். கௌசல்யாவையும் வைத்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் சிரிக்க வைத்ததும் ஆட்களை வைத்துக்கொண்டுதான். திங்கட்கிழமை ஆசிரியர் அறையிலும் சொல்ல வேண்டும். அதுதான் எனக்கு அதிகக் கஷ்டம் என்பதை மறைக்கவில்லை. தெய்வானை, "அதெல்லாம் எதுக்குங்க இப்ப, விடுங்க டீச்சர்" என்று தேத்தண்ணி ஊற்றப் போய்விடக்கூடும். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பாதியில் எழுந்து வந்துவிட என்னால் முடியும். என்னை எனக்குத் தெரியும்.

அதனால்தான் போவதற்கு முன்பே உனக்கு எழுதி அனுப்புகிறேன். ஞாயிறு இரவு வழக்கம்போல நீ கூப்பிடுவாய். பிள்ளை தவழ்ந்ததை, பல் முளைத்ததை எல்லாம் பிறகு சொல்லலாம். முதலில், "முழுக்கச் சொன்னீங்களாம்மா?" என்று கேள். நான் வேறு பேச்சு எடுத்தால் விடாதே, திரும்பவும் கேள்.

அம்மா